பல ஆண்டு நின்றுபோன டூ-ஸ்ட்ரோக் பைக்கை எழுப்புவது எப்படி? சிங்கப்பூரில் புதிதாகத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: கிக் அடிக்காதீர்கள்.

அப்பாவோ பெரியப்பாவோ ஓட்டிய யமஹா ஆர்எக்ஸ்இசட், ஒய்பி100, சுசுகி ஆர்ஜி, ஒரு வெஸ்பா என எதுவாக இருந்தாலும் சரி. ஆண்டுக்கணக்கில் துணி போர்த்தி நின்ற வண்டி கைக்கு வந்ததும், புது பெட்ரோல் ஊற்றி, பிளக்கை மாற்றி, நாலு உதை உதைத்தால் பற்றிக்கொள்ளும் என்று தோன்றும். பல வண்டிகள் பற்றிக்கொள்ளவும் செய்யும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது. நின்ற ஆண்டுகளில் ஆன சேதத்தைவிட, அவசரப்பட்டு எழுப்பிய முதல் பத்து நிமிடத்தில் ஆகும் சேதம் பெரிது.

காரணம் இந்த எஞ்சினின் அமைப்பு. ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் (பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இருக்கும் இடத்தில் ஆயில் இருக்கும். டூ-ஸ்ட்ரோக்கில் அந்த இடம்தான் பம்ப். பிஸ்டன் மேலே போகும்போது காற்றும் பெட்ரோலும் 2டி ஆயிலும் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சினுக்கான ஆயில்) கலந்து கிராங்க்கேஸுக்குள், அதாவது கிராங்க் இருக்கும் பெட்டிக்குள் இழுக்கப்படும். பிஸ்டன் கீழே வரும்போது அதே கலவை அழுத்தப்பட்டு, சிலிண்டர் பக்கவாட்டு வழிகளில் மேலே ஏறும். ஆகவே கிராங்க்கேஸில் ஊசிமுனை அளவு காற்றுக்கசிவுகூட இருக்கக் கூடாது. கிராங்க்கின் இரு முனையிலும் அதைக் காப்பது சாதாரண ரப்பர் ஆயில் சீல்கள். பல ஆண்டு அசையாமல் நின்றால் அவை காய்ந்து, விறைத்து, உதடு பிளந்துவிடும். அதன் வழியாக வெளிக்காற்று உள்ளே போனால் கலவையில் பெட்ரோலும் ஆயிலும் குறையும், சூடு ஏறும், பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். கீழே சொல்லும் வேலைகளின் வரிசையெல்லாம் இந்த ஒரு விஷயத்தை மனத்தில் வைத்துத்தான்.

ஸ்பேனருக்கு முன் காகிதம்

சிங்கப்பூரில் வண்டியைச் சரிசெய்வதைவிடச் சாலையில் ஓட்ட உரிமை பெறுவது கடினம். ஒரு காசு செலவழிக்கும் முன் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் ஒன்மோட்டரிங் தளத்தில் வண்டியின் நிலையைப் பாருங்கள். பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறதா, சிஓஇ எனும் வாகன உரிமைச் சான்றிதழ் எப்போது முடிகிறது, சாலைவரி பாக்கி எவ்வளவு? இந்த மூன்றுக்கும் பதில் தெரியாமல் பிஸ்டன் வாங்கப் போகாதீர்கள். பதிவு ரத்தான வண்டி என்றால், அதை உடைத்ததற்கோ ஏற்றுமதி செய்ததற்கோ சான்று கேட்பார்கள். மறுபடி சாலைக்கு வருவது கிட்டத்தட்ட நடக்காத காரியம்.

இன்னொரு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். 2003 ஜூலை 1க்கு முன் பதிவான மோட்டார்சைக்கிள்கள் 2028 ஜூன் 30க்குப் பிறகு சிங்கப்பூர்ச் சாலைகளில் ஓட முடியாது. நாம் பேசும் டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் அநேகமாக எல்லாமே இதற்குள் வந்துவிடும். இதைத் தாண்டியும் வண்டியை வைத்திருக்க விரும்புகிறவர்கள் பார்க்கவேண்டியது பழமை வாகனத் திட்டம். முதன்முதல் பதிவாகிக் குறைந்தது 35 ஆண்டு ஆகியிருக்கவேண்டும். அதாவது 1990இல் பதிவான வண்டி 2025இல்தான் தகுதி பெறும். அந்தத் திட்டத்தில் ஆண்டுக்கு அதிகபட்சம் 45 நாள் மட்டுமே ஓட்டலாம். அன்றாடம் வேலைக்குப் போக வண்டி வேண்டும் என்பவருக்கு இது ஒத்துவராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் சாங்கி கடற்கரைச் சாலைப் பக்கம் ஒரு சுற்றுப் போய்வந்தால் போதும் என்பவருக்குத் தாராளம். விதிகள் மாறக்கூடியவை என்பதால் உங்கள் வண்டியின் எண்ணைச் சொல்லி ஆணையத்திடமே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்.

எஞ்சின் எண்ணும் சேஸி எண்ணும் பதிவில் உள்ளதோடு பொருந்துகின்றனவா என்று துடைத்துப் பாருங்கள். எண் பொறித்த கிராங்க்கேஸ் உடைந்திருந்தால் கடையில் கிடைக்கும் வேறொன்றைப் போட்டுவிட முடியாது. எஞ்சின் மாற்றத்துக்கு அனுமதி தேவை. புகைபோக்கிக்கும் அப்படித்தான். சத்தம் போடும் விரிகுழாயைப் பிறகு மாட்டிக்கொள்ளலாம் என்ற ஆசை இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

இடமும் கருவியும்

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருப்பவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. பொது நடைபாதையிலோ புளோக்கின் கீழ்த்தளத்திலோ பெட்ரோல் இருக்கும் வண்டியைப் பிரித்துப் போடக் கூடாது. தீ அபாயம் ஒருபுறம், அண்டை வீட்டாருக்குத் தொல்லை மறுபுறம். தரைவீட்டு நண்பரின் முன்வாசல் கிடைத்தால் நல்லது. இல்லையென்றால் காக்கி புக்கிட், ஊபி, சின் மிங் பக்கம் உள்ள பட்டறைகளில் தெரிந்தவர் ஒருவரிடம் ஒரு மூலை கேட்டுப் பாருங்கள். கழற்றிய எஞ்சினை மட்டும் நன்றாகக் கழுவி, பெட்ரோல் வாடை துளியும் இல்லாமல் வீட்டு பால்கனியில் வைத்து வேலை பார்க்கலாம். பெட்ரோலில் பாகங்களைக் கழுவும் வேலையை வீட்டுக்குள் ஒருபோதும் செய்யாதீர்கள். கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

கருவிகளில் ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். ஜப்பானிய வண்டிகளின் திருகுகள் பிலிப்ஸ் மாதிரி தெரியும். உண்மையில் அவை ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில்தரம்) வகை. சாதாரண பிலிப்ஸ் திருப்புளி நழுவித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் திருப்புளியும், சுத்தியலால் தட்டித் திருப்பும் இம்பாக்ட் டிரைவரும் வாங்குங்கள். உங்கள் மாடலுக்குரிய ஃப்ளைவீல் புல்லர், ஃபீலர் கேஜ், டார்க் ரெஞ்ச், அப்புறம் அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவல். கழற்றும் ஒவ்வொன்றையும் கைப்பேசியில் படம் எடுத்து, பெயர் எழுதிய ஜிப் பைகளில் போட்டு வையுங்கள்.

எஞ்சின் சுற்றுகிறதா?

பிளக்கைக் கழற்றி, துளை வழியாக இரண்டு மூன்று தேக்கரண்டி 2டி ஆயிலோ துருவிளக்கி எண்ணெயோ ஊற்றி ஓரிரு நாள் விடுங்கள். அப்புறம் உயர்ந்த கியரில் போட்டு, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசையுங்கள். இளகினால் நல்லது. இளகாவிட்டால் பலத்தைக் காட்டாதீர்கள். பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங் துருவால் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கும். கிக் மேல் ஏறி நின்றால் ரிங் உடையும், கிக் கியரும் போகும். ஹெட்டைக் கழற்றி மேலிருந்து இன்னும் எண்ணெய் விட்டுப் பொறுத்திருப்பதே வழி.

சுற்றினாலும் சரி, சிலிண்டரைக் கழற்றிப் பார்த்துவிடுங்கள் என்பதுதான் என் கருத்து. காற்றில் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் டூ-ஸ்ட்ரோக்கில் இது அரைநாள் வேலை. ஹெட்டில் வால்வு இல்லை, கேம் இல்லை, டைமிங் செயின் இல்லை. புதிதாகக் கற்பவர்களுக்கு இதைவிட நல்ல எஞ்சின் கிடையாது.

உள்ளே மூன்று விஷயம் பாருங்கள். சிலிண்டர் சுவரில் விரல்நகம் மாட்டும் அளவுக்குக் கோடோ துருக்குழியோ இருக்கிறதா? கனெக்டிங் ராடை மேலும் கீழும் இழுத்தால் ஆட்டம் தெரிகிறதா? பக்கவாட்டில் கொஞ்சம் அசையலாம், மேல்கீழ் ஆட்டம் இருக்கவே கூடாது. கிராங்க்கைக் கையால் சுற்றும்போது பேரிங்கில் மணல் அரைபடுவதுபோல் உணர்கிறீர்களா? நம் ஊர் ஈரக்காற்றில் கிராங்க்கேஸின் அடியில் தண்ணீர் கோத்து, பேரிங் உருளைகளில் துரு பிடிப்பது சகஜம். அப்படி இருந்தால் கிராங்க்கை வெளியே எடுக்கத்தான் வேண்டும். தனியாக முயலாமல் அனுபவப்பட்ட மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் போர் பண்ணவேண்டும், அதாவது உட்சுவரைக் கடைந்து சற்று அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போடவேண்டும். ஓவர்சைஸ் பிஸ்டன்கள் பொதுவாக 0.25 மி.மீ. படிகளில் வரும். பிஸ்டனின் தலையில் எண் பொறித்திருக்கும், 0.50 என்று இருந்தால் ஏற்கெனவே இரண்டு படி போயிருக்கிறது என்று பொருள். பிஸ்டனை முதலில் வாங்கி, அதைக் கையோடு கொண்டுபோய் அதன் அளவுக்குப் போர் பண்ணச் சொல்லுங்கள். வெறும் எண்ணைச் சொல்லிப் போர் பண்ணினால் இடைவெளி தப்பிப் போகும். வேலை முடிந்ததும் போர்ட் (சிலிண்டர் சுவரிலுள்ள வழிகள்) ஓரங்களை மழுக்கிவிட்டார்களா என்று தடவிப் பாருங்கள். கூரிய ஓரம் ரிங்கைக் கடித்து உடைத்துவிடும். பூட்டும்போது பிஸ்டன் தலையிலுள்ள அம்புக்குறி எக்ஸாஸ்ட் பக்கம் இருக்கவேண்டும். ரிங்கின் வாய் பிஸ்டனில் இருக்கும் சிறு முளையில் உட்காரவேண்டும். பின்னைப் பிடிக்கும் சர்க்கிளிப்புகள் புதியவையாக இருக்கவேண்டும். பழைய கிளிப்பை மறுபடி போட்டுச் சில காசு மிச்சம் பிடிப்பவர்கள், அது கழன்று ஓடிச் சிலிண்டரைக் கீறும் நாளில் நூற்றுக்கணக்கான வெள்ளி கொடுப்பார்கள்.

உதிரிப்பாகத்துக்கு முன்பெல்லாம் சுங்கை ரோடு சந்தைப் பக்கம் ஒரு நடை போனால் ஏதாவது மாட்டும். 2017 ஜூலை 10ஆம் தேதியோடு அந்தச் சந்தை மூடப்பட்டுவிட்டது. ஆர்எக்ஸ்இசட் போன்ற வண்டிகளுக்கு மலேசியாவில் இன்றும் பெரிய ரசிகர் கூட்டம் இருப்பதால் ஜொகூர் கடைகளில் பாகம் தாராளம். போலியும் தாராளம். பிஸ்டன், ரிங், பேரிங், சீல் ஆகியவற்றில் மட்டும் விலையைப் பார்க்காமல் நம்பகமான தயாரிப்பை வாங்குங்கள்.

ஆயில் சீலும் காற்றுக்கசிவும்

வண்டி பிழைப்பதும் போவதும் இங்கேதான். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கிராங்க்கின் ஒரு பக்கம் மேக்னெட்டோ (மின்சாரம் தரும் பகுதி), மறுபக்கம் கிளட்ச். மேக்னெட்டோ பக்கச் சீல் போனால் வெளிக்காற்று நேராக உள்ளே வரும். ஐடிலிங் தானாக ஏறி இறங்கும், திராட்டிலை விட்டாலும் எஞ்சின் வேகம் குறையாமல் கத்தும், பிளக் வெளிறிப்போய் இருக்கும். கிளட்ச் பக்கச் சீல் போனால் கியர்பாக்ஸ் ஆயில் உள்ளே இழுக்கப்படும். எஞ்சின் சூடான பிறகும் அடர்ந்த வெண்புகை நிற்காது, கியர் ஆயில் அளவு தானாகக் குறையும், பிளக் எண்ணெய்ப் பிசுக்கில் நனையும். டூ-ஸ்ட்ரோக் என்றால் புகைக்கத்தானே செய்யும் என்று பலர் இதைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள்.

பல ஆண்டு நின்ற வண்டியில் இரண்டு சீலையும் மாற்றிவிடுங்கள். நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும். மேக்னெட்டோ பக்கத்தை ஃப்ளைவீலைக் கழற்றினாலே பெரும்பாலும் மாற்றிவிடலாம். கிளட்ச் பக்கத்தில் சில எஞ்சின்களில் கிராங்க்கேஸைப் பிரித்தால்தான் சீல் வெளியே வரும்; மேனுவலைப் பார்த்து முடிவெடுங்கள். ஃப்ளைவீலைப் புல்லர் இல்லாமல் சுத்தியலால் தட்டிக் கழற்றினால் கிராங்க் கோணிப்போகும்.

மாற்றிய பின் அழுத்தச் சோதனை. கேட்கப் பெரிதாக இருந்தாலும் வீட்டிலேயே செய்யக்கூடியது. எக்ஸாஸ்ட் வாயை ரப்பர் வைத்துத் தகட்டால் மூடுங்கள். கார்புரேட்டர் மாட்டும் ரப்பர் குழாயை ஒரு குழாய் பொருத்திய அடைப்பானால் அடையுங்கள். பிளக்கை மாட்டுங்கள். பிஸ்டனை அடிமட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போதுதான் சிலிண்டரும் கிராங்க்கேஸும் ஒரே அறையாக இருக்கும். காற்றடிக்கப் பழைய இரத்த அழுத்தக் கருவியின் பந்தும் அளவுமானியும் போதும். அதில் 300 என்ற கோடு ஏறக்குறைய 5.8 பிஎஸ்ஐ. அதற்கு மேல் அடிக்காதீர்கள், சீலே பிதுங்கி வெளியே வந்துவிடும்.

முள் சில நிமிடம் அப்படியே நின்றால் எஞ்சின் இறுக்கமாக இருக்கிறது. நிமிடத்துக்கு 1 பிஎஸ்ஐ, அதாவது அந்த அளவுமானியில் 50க்கு மேல் இறங்கினால் கசிவு இருக்கிறது. சோப்பு நீரைத் தூரிகையால் தடவிக் குமிழி எங்கே வருகிறது என்று தேடுங்கள். சீலைத் தவிர சிலிண்டர் அடி கேஸ்கெட், ஹெட், ரீட் வால்வு பெட்டி (கலவை திரும்பிப் போகாமல் தடுக்கும் தகடுகள் இருக்கும் இடம்), ரப்பர் குழாயின் விரிசல் ஆகியவையும் சந்தேகத்துக்கு உரியவை. அந்த ரப்பர் குழாயை வளைத்துப் பார்த்தால்தான் விரிசல் தெரியும். கிளட்ச் பக்கக் கசிவு வெளியே தெரியாது. கியர்பாக்ஸின் காற்றுக்குழாயைச் சோப்பு நீரில் முக்கினால் குமிழி விடும். இந்தச் சோதனையில் தேறாத எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள். எத்தனை வாரம் ஆனாலும் பரவாயில்லை.

பெட்ரோல் வரும் வழி

டாங்கியில் துரு இருந்தால், பழைய பெட்ரோலை வடித்துச் சோப்பு நீரில் பலமுறை அலசி, வாயைக் கட்டி, வெள்ளை வினிகரால் முழுக்க நிரப்பி ஒரு நாள் வையுங்கள். சிட்ரிக் அமிலக் கரைசலும் நல்லது. பிறகு நீரில் அலசி, சமையல் சோடா கரைத்த நீரால் அமிலத்தைப் போக்கி, உடனே உலர்த்துங்கள். நம் தட்பவெப்பத்தில் ஈர இரும்பில் செந்துரு கண்ணெதிரே படரும். ஆகவே காய்ந்த கையோடு 2டி ஆயில் கலந்த பெட்ரோல் கொஞ்சம் விட்டு உள்ளே சுழற்றிவிடுங்கள். பெட்ரோல் டேப்பின் வடிகட்டி, வளையம், குழாய் எல்லாம் புதிதாகப் போடவேண்டும்.

கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகி மஞ்சள் பிசின் மட்டும் மிஞ்சியிருக்கும். பெரிய ஜெட் கண்ணுக்குத் தெரியும்; அடைப்பு பெரும்பாலும் சிறிய பைலட் ஜெட்டில். கம்பியால் குத்தித் துளையைப் பெரிதாக்காதீர்கள். கார்ப் கிளீனரில் ஊறவிட்டு, மின்வயரிலிருந்து உருவிய ஒற்றைச் செப்பிழையால் துழாவிக் காற்றடித்தால் போதும். ஊசியின் கிளிப் எந்தக் காடியில் இருந்தது என்பதைக் கழற்றும்போதே படமெடுங்கள்.

யமஹா 1964இல் ஒய்ஏ-6 வண்டியில் ஆட்டோலூப் பம்பைக் கொண்டுவந்த பிறகு ஆயிலைக் கையால் கலக்கும் தேவை போனது. ஆனால் பல ஆண்டு நின்ற பம்பை முதல் டாங்கிக்கு நம்பாதீர்கள். குழாயில் காற்றுக்குமிழி இருக்கும், ஆயில் தொட்டியில் பழைய ஆயில் கூழாகியிருக்கும். தொட்டியைக் கழுவி, பம்பின் திருகைத் திறந்து குமிழி நிற்கும்வரை ஆயில் வடியவிடுங்கள். அதோடு முதல் டாங்கி பெட்ரோலில் லிட்டருக்கு 30 மி.லி. வீதம் 2டி ஆயிலையும் கலந்துவிடுங்கள். புகை கூடுதலாக வரும், வரட்டும். தொட்டியில் ஆயில் மட்டம் இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகு கலப்பதை நிறுத்தலாம். ஆயில் ஜாசோ (ஜப்பானிய வாகனத் தர அமைப்பு) எஃப்சி அல்லது எஃப்டி தரத்தில் இருக்கட்டும். புகையும் கரியும் குறையும்.

புகைபோக்கியின் உள்தடுப்பை உருவி, கரியைச் சுரண்டி எடுங்கள். காஸ்டிக் சோடா பயன்படுத்தினால் இரும்புக் குழாயில் மட்டும். அலுமினியத்தில் பட்டால் உலோகத்தையே அரித்துவிடும். கையுறை, கண்ணாடி கட்டாயம்.

மின்சாரம், பிரேக், டயர்

புதிய பிளக்கை ஹெட்டில் உரசவைத்துக் கிக்கைக் கையால் தள்ளினால் நீலப் பொறி பளிச்சென்று வரவேண்டும். பெட்ரோல் பக்கத்தில் இருக்கக் கூடாது. பாயின்ட் (பொறிக்கான மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) வகை வண்டியில் பாயின்ட்டைத் துடைத்து, இடைவெளியை மேனுவலில் உள்ளபடி வையுங்கள், வழக்கமாக 0.3 முதல் 0.4 மி.மீ. வரை. பொறி வராவிட்டால் சிடிஐ பெட்டி (பொறியைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) வாங்க ஓடுமுன் எர்த் வயரின் துருவைச் சுரண்டிப் பாருங்கள்.

பிரேக்கில் சிக்கனம் வேண்டாம். பழைய டிரம் லைனிங் ஷூவிலிருந்து உரிந்து சக்கரத்தையே பூட்டிவிடக்கூடும். அந்தத் தூசியில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள். டிஸ்க் என்றால் திரவம், ரப்பர்கள், ஹோஸ் எல்லாம் புதிது. டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. பட்டன் தேயாமல் இருந்தாலும் பத்து வயது டயர் மழைநாளில் விரைவுச்சாலையில் உங்களைக் காப்பாற்றாது.

முதல் ஸ்டார்ட்

காப்புறுதியும் சாலைவரியும் இல்லாத வண்டியைப் புளோக் வாகன நிறுத்துமிடத்துக்குள்கூட ஓட்டிப் பார்க்காதீர்கள். பட்டறையில், காற்றோட்டமான இடத்தில், ஸ்டாண்டில் போட்டு எழுப்புங்கள். கியர் ஆயில் மாற்றியாயிற்றா, 2டி கலந்தாயிற்றா என்று மறுபடி பார்த்துவிட்டு, சோக் இழுத்து, திராட்டில் தொடாமல் கிக் அடியுங்கள். சிலிண்டரில் ஊற்றிய எண்ணெய் எரியும்வரை புகை மண்டும். அந்த 2டி வாசனை வந்ததும் பட்டறையில் இருக்கும் வயதானவர்கள் வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்கள். கப்பல் பட்டறைக்கும் துறைமுகத்துக்கும் இந்த வண்டிகளில் போய்வந்த தலைமுறை அது. பேச்சுக் கொடுங்கள்; எந்த மேனுவலிலும் இல்லாத விஷயம் கிடைக்கும்.

ஒருவேளை எஞ்சின் கட்டுக்கடங்காமல் கத்தத் தொடங்கினால் சுவிட்சை அணையுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கார்புரேட்டரின் காற்று வாயை அடர்த்தியான துணியால் இறுக அடையுங்கள். காற்று இல்லாமல் எதுவும் எரியாது. பிறகு அழுத்தச் சோதனைக்குத் திரும்புங்கள்.

எல்லாம் சரி என்றால் இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அணைத்து, கை வைக்கும் அளவுக்கு முழுக்க ஆறவிடுங்கள். இப்படிச் சில முறை செய்தபின் ஹெட் நட்டுகளை எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டார்க் ரெஞ்சால் சரிபாருங்கள். காகிதமெல்லாம் முடிந்து சாலைக்கு வந்ததும் முதல் 500 கி.மீ. பாதித் திராட்டிலுக்கு மேல் போகாதீர்கள். ஒரே வேகத்தில் நெடுநேரம் ஓட்டாமல் ஏற்றி இறக்கி ஓட்டுங்கள். தீவு விரைவுச்சாலையைவிட உள்சாலைகளே இதற்கு ஏற்றவை. இடையிடையே பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். காபிப் பொடி நிறம் என்றால் கலவை சரி. கறுத்து ஈரமாக இருந்தால் பெட்ரோல் அதிகம். ஊசிக் கிளிப்பை ஒரு காடி மேலே ஏற்றினால் ஊசி கீழிறங்கிக் கலவை மெலியும். வெளிறிப் போயிருந்தால் அன்றைக்கு ஓட்டுவதை நிறுத்திவிட்டு, ஜெட்டைத் தொடும் முன் சோப்பு நீரும் தூரிகையும் எடுத்து ரப்பர் குழாயிலிருந்து தொடங்கிக் கசிவைத் தேடுங்கள்.